தொட்டியும் கொடியும்: ஏற்காட்டில் ஒரு வாஷிங் மெஷின் தேர்வு

வீடு ஏற்காட்டில், ஏரியிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கிறது. தளம் போட்ட, மாடி இல்லாத வீடு. மேலே 500 லிட்டர் தொட்டி, பின்பக்கம் ஃபைபர் ஷீட் போட்ட தாழ்வாரம். ஐந்து பேர் இருக்கிறார்கள்: என் தங்கை, மாப்பிள்ளை, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், மாப்பிள்ளையின் அம்மா. மாப்பிள்ளை காபி எஸ்டேட் அலுவலகத்தில் வேலை பார்க்கிறார், தங்கை தனியார் பள்ளியில் டீச்சர். பகலில் வீட்டில் இருப்பது அத்தை மட்டும்தான். அதனால் துணி துவைப்பதும் அவர்தான்.

கையிலிருந்தது 35,000 ரூபாய். 2025 தீபாவளிக்கு முன்னால் வாங்கிவிட வேண்டும் என்று முடிவு. சேலத்தில் வாஷிங் மெஷின் சர்வீஸ் பார்ப்பது என் தொழில் என்பதால் மாப்பிள்ளை எனக்குத்தான் முதலில் போன் செய்தார். “மச்சான், வாஷர் டிரையர் ஒண்ணு நல்லதா சொல்லுங்க. மழைக்காலத்துல துணியே காய மாட்டேங்குது” என்றார். துவைத்த துணியைத் தானே காயவைத்தும் கொடுக்கும் மெஷின் அது.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். அக்டோபரிலிருந்து ஜனவரி வரை பாதி நாள் மூடுபனியும் தூறலுமாக இருக்கும். சீருடை காய மூன்று நாள் ஆகும், அதற்குள் புளித்த வாடை வந்துவிடும். பிள்ளைகளின் காலுறையை அடுப்புக்குப் பக்கத்தில் தொங்கவிட்டுக் காயவைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் எந்த மெஷின் என்று பேசுவதற்கு முன்னால் வீட்டை ஒருமுறை பார்க்க வேண்டும் என்றேன். தொழிலில் நான் பார்த்தவரை, வாங்கி ஒரு வருடத்துக்குள் “மெஷின் சரியில்லை” என்று கூப்பிடும் வீடுகளில் பெரும்பாலும் மெஷின் நன்றாகத்தான் இருக்கும். தண்ணீர் வரும் வேகமோ, தண்ணீரின் தன்மையோ, துணி காயும் இடமோ அந்த மெஷினுக்கு ஒத்துவராமல் இருக்கும். கடையில் கேட்கிற கேள்விகள் எத்தனை கிலோ, எத்தனை ஸ்டார், எவ்வளவு தள்ளுபடி என்பதோடு முடிந்துவிடுகின்றன. தொட்டியையும் கொடியையும் பற்றி யாரும் கேட்பதில்லை.

முதலில் வாஷர் டிரையர்

ஆசைப்பட்டுக் கேட்டது அது என்பதால் அதை முதலில் எடுத்துக்கொண்டோம். விலை 50,000 ரூபாயை ஒட்டித்தான் ஆரம்பிக்கிறது. தவணையில் வாங்கலாம் என்றார் மாப்பிள்ளை. வாங்கலாம், ஆனால் விலையைவிட முக்கியமான விஷயங்கள் இருந்தன.

8 கிலோ என்று எழுதியிருக்கும் வாஷர் டிரையர் எட்டு கிலோவைத் துவைக்கும், ஆனால் ஒரே தடவையில் காயவைப்பது பெரும்பாலும் ஐந்து கிலோதான். மீதித் துணியை வெளியே எடுத்துவிட்டுத்தான் டிரையரைப் போட வேண்டும், இல்லாவிட்டால் துணி சுருங்கி ஈரத்தோடு வெளியே வரும். இது கையேட்டில் இருக்கும், கடையில் சொல்ல மாட்டார்கள்.

அடுத்தது கரன்ட். ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்கவே ஏறக்குறைய 0.65 யூனிட் வேண்டும், இது இயற்கை விதி. ஹீட்டரால் காயவைக்கும் மெஷினில் எந்த கம்பெனியும் இதைக் குறைக்க முடியாது. 4 கிலோ பருத்தித் துணியை நன்றாகப் பிழிந்த பிறகும் அதில் இரண்டு லிட்டருக்கு மேல் தண்ணீர் நிற்கும். டிரம்மும் காற்றும் சூடாவதையும் சேர்த்தால் ஒரு தடவைக்கு 3 யூனிட் வரை போகும். மழைக்காலத்தில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டால் இரண்டு மாதத்துக்கு 90 யூனிட் ஆகிறது.

மின்சார அட்டையை எடுத்துப் பார்த்தோம். கீசர் ஓடுகிற குளிர்காலக் கணக்கில் அந்த வீடு 430 யூனிட் வரை தொட்டிருக்கிறது. 90 சேர்ந்தால் 520. 2025இல் தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தக் கட்டணத்தில் 500ஐத் தாண்டினால் கூடுதல் யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறவில்லை, இரண்டாவது நூறு யூனிட்டும் மேல் விலைக்குப் போய்விட்டது என்பது பலருக்குத் தெரியாது. 500ஐ ஒட்டி ஓடுகிற வீடுகள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

கடைசியாகத் தண்ணீர். வாஷர் டிரையர்களில் பலவும் ஆவியைக் குளிர்வித்துத் தண்ணீராக்குவதற்குக் குழாய்த் தண்ணீரையே பயன்படுத்துகின்றன. காயவைப்பதற்கும் தண்ணீர் செலவாகும். மார்ச்சிலிருந்து மே வரை டேங்கர் லாரித் தண்ணீரை விலைக்கு வாங்குகிற வீடு இது. மாப்பிள்ளை அந்த இடத்தில்தான் வாஷர் டிரையரை விட்டார்.

அத்தையின் கை

அடுத்தது செமி ஆட்டோமேட்டிக். நியாயமாகப் பார்த்தால் இந்த பட்ஜெட்டில் பாதிக்கும் குறைவு. 11,000, 12,000 ரூபாய்க்கு உறுதியான மெஷின் கிடைக்கும். தண்ணீர் அழுத்தம் வேண்டாம், வாளியில் ஊற்றினால்கூடப் போதும். பழுதானால் ஏற்காட்டிலேயே யாராவது பார்த்துவிடுவார்கள். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி மெக்கானிக் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

அதோடு, துணி பிழிய அதில் தனியாக இருக்கும் ஸ்பின்னர் பலர் நினைப்பதைவிட நன்றாகப் பிழியும். பிழியும் விசை சுற்றின் எண்ணிக்கைக்கு நேராக அல்ல, அதன் வர்க்கமாக ஏறுகிறது: சுற்று இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு. சின்ன டப்பாவாக இருந்தாலும் நிமிடத்துக்கு 1,300 சுற்றில் ஓடுவதால், 700 சுற்றில் ஓடுகிற, மேலே மூடியுள்ள பெரிய டாப் லோடு டிரம்மை அது தாண்டிவிடும். தொங்குதராசு ஒன்றை வைத்துக்கொண்டு நான் இதை வீடு வீடாக நிறுத்துப் பார்த்திருக்கிறேன். காய்ந்திருக்கும்போது 400 கிராம் இருக்கும் பருத்தித் துண்டு, கையால் பிழிந்தால் 900 கிராமுக்கு மேல் நிற்கும். டாப் லோடில் 720, செமி ஸ்பின்னரில் 640, முன்பக்கம் கதவுள்ள 1,200 சுற்று ஃப்ரன்ட் லோடில் 610 என்று வரும். வீட்டுக்கு வீடு பத்து, இருபது கிராம் மாறும், வரிசை மாறாது.

தங்கை இதைக் கேட்டதும் செமிக்கே போய்விடலாம் என்றாள். மிச்சப் பணத்தில் பிள்ளைகளுக்கு மெத்தை வாங்கலாம் என்ற கணக்கும் அவளிடம் இருந்தது. அத்தை எதுவும் சொல்லவில்லை. நான்தான் கேட்டேன்.

“நீங்க என்ன சொல்றீங்க அத்தை? ஓட்டப்போறது நீங்கதானே.”

“எது வாங்கினாலும் சரிப்பா. பச்சைத் தண்ணியில கை வைக்கத்தான் முடியல. விரலெல்லாம் மடங்க மாட்டேங்குது.”

டிசம்பர் விடியலில் அந்த வீட்டுத் தொட்டித் தண்ணீர் 14, 15 டிகிரியில் இருக்கும். செமியில் துவைத்து முடித்த துணியை அந்தத் தண்ணீரிலிருந்து கையால் அள்ளி ஸ்பின்னருக்கு மாற்ற வேண்டும், அலச மறுபடி துவைக்கும் பக்கத்துக்கு மாற்ற வேண்டும், பிழிய மறுபடி ஸ்பின்னர். மூட்டுவலி உள்ள கைக்கு இது வாஷிங் மெஷினே இல்லாத மாதிரிதான். செமி ஆட்டோமேட்டிக் அங்கேயே முடிந்தது. நான்கு பேர் கடைக்குப் போய் ஐந்தாவது ஆள் ஓட்டுகிற மெஷினை வாங்கிவரும் வீடுகளைப் பார்த்துப் பார்த்து எனக்கு இந்த விஷயத்தில் பிடிவாதம் வந்துவிட்டது. மெஷின் முன்னால் தினமும் நிற்கப்போகிறவர் யாரோ, அவர் சொல்வதுதான் முதலில்.

டாப் லோடா, ஃப்ரன்ட் லோடா

இனி இருந்தது இரண்டு வழி. முழு ஆட்டோமேட்டிக் டாப் லோடு 7 கிலோ 16,000லிருந்து 20,000 ரூபாய்க்குள் கிடைக்கும். குனிய வேண்டாம், நடுவில் மூடியைத் திறந்து விட்டுப்போன காலுறையைப் போடலாம். ஆனால் ஒரு தடவைக்கு 100 லிட்டருக்கு மேல் தண்ணீர் குடிக்கும். அந்த விலையில் ஹீட்டர் இருக்காது. குளிர்ந்த தண்ணீரில் பவுடர் சரியாகக் கரையாமல் கறுப்பு பேன்ட்டில் வெள்ளைத் திட்டாக நிற்கும். பிழிவதும் சுமார்தான் என்பதை மேலே சொன்னேன்.

ஃப்ரன்ட் லோடு 50, 60 லிட்டரில் முடித்துவிடும். துவைக்கும்போது டிரம்முக்குள் நிற்பது பத்துப் பன்னிரண்டு லிட்டர்தான் என்பதால் அதை 15 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குச் சூடாக்க அரை யூனிட்டுக்குள் போதும். மூன்று கிலோ துணியைக் கையால் பிழிந்து கொடியில் போட்டால் அதில் மூன்றரை லிட்டருக்கு மேல் தண்ணீர் இருக்கும். 1,200 சுற்றில் பிழிந்தால் ஒன்றரை லிட்டரை ஒட்டித்தான் இருக்கும். மூடுபனியில் காய வேண்டிய தண்ணீர் பாதிக்கும் கீழே வந்துவிடுகிறது. காயவைக்கும் வேலையில் பெரும்பகுதியை ஸ்பின்னே செய்துவிடும், அதற்கு டிரையர் அளவுக்குக் கரன்ட் வேண்டாம்.

அப்படியானால் ஃப்ரன்ட் லோடு என்று உடனே முடிவெடுக்க முடியவில்லை, ஏனென்றால் தொட்டி.

இரண்டரை மீட்டர்

தொட்டி நேராகத் தளத்தின்மேல், அரை மீட்டர் மேடையில் உட்கார்ந்திருந்தது. தாழ்வாரத்தில் மெஷினுக்குத் தண்ணீர் போகும் குழாய் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரம். டேப் பிடித்து அளந்தால் தொட்டியின் அடிக்கும் குழாய்க்கும் இடையில் இரண்டரை மீட்டர்தான். ஒரு மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 0.1 பார் அழுத்தம் கிடைக்கும் என்பது கணக்கு. ஆக இங்கே 0.25 பார். ஃப்ரன்ட் லோடு மெஷின்கள் பலவற்றின் கையேட்டில் குறைந்தது 0.3 பார் என்றிருக்கும், சிலவற்றில் 0.5, இன்னும் சிலவற்றில் 1 பார்கூட உண்டு. தொட்டி நிறைந்திருக்கும்போது ஓடும், பாதி இறங்கியதும் “தண்ணீர் வரவில்லை” என்று பிழை காட்டி நின்றுவிடும். சேலத்தில் மேல்தளத்தில் குடியிருப்பவர்கள் ஃப்ரன்ட் லோடு வாங்கிவிட்டுத் தவிப்பதும் இதனால்தான். கீழ்வீட்டில் அதே மெஷின் ஜம்மென்று ஓடும்.

இதற்கு இரண்டு தீர்வு. பிரஷர் பம்ப் வைக்கலாம், நான்காயிரத்திலிருந்து ஆரம்பம். ஆனால் அது இன்னொரு மோட்டார், இன்னொரு பழுது. தொட்டியை உயர்த்துவது இரண்டாவது. நான் இரண்டாவதைச் சொன்னேன். இரும்பு ஸ்டாண்டு வெல்டிங் செய்து தொட்டியை ஒரு மீட்டர் ஏற்றினால் 0.35 பார் வந்துவிடும், அதற்குக் கரன்டும் வேண்டாம். கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: 500 லிட்டர் தண்ணீர் என்றால் அரை டன் எடை. ஸ்டாண்டின் கால்கள் தளத்தின் நடுவில் நிற்கக் கூடாது, கீழே சுவர் போகும் இடத்தில்தான் இறங்க வேண்டும். மலைக் காற்றுக்குத் தொட்டியை நன்றாகக் கட்டிவிடவும் வேண்டும். உள்ளூர் வெல்டர் 3,200 ரூபாய்க்கு முடித்துக் கொடுத்தார்.

அப்புறம் தண்ணீரின் தன்மை. கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பாதி பிடித்து, துவைக்கும் சோப்பைச் சீவி இரண்டு துண்டு போட்டுக் குலுக்கினேன். நுரை கழுத்துவரை ஏறி அப்படியே நின்றது. நல்ல மென்தண்ணீர். இதில் ஹீட்டரில் சுண்ணாம்பு ஏறும் பயமில்லை. பயம் வேறு பக்கம்: பவுடர் அதிகமானால் நுரை பொங்கும், மெஷின் நுரையைப் போக்கத் திரும்பத் திரும்ப அலசி நேரத்தையும் தண்ணீரையும் கொட்டும். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவில் பாதி போதும் என்று அத்தையிடம் சொல்லிவைத்தேன்.

அம்மாப்பேட்டையில் இதே கேள்வி

அதே மாதம் சேலம் அம்மாப்பேட்டையில் என் பெரியம்மா வீட்டிலும் மெஷின் கேட்டார்கள். தறி வீடு. அங்கே நான் சொன்ன பதில் நேர் எதிர்: செமி ஆட்டோமேட்டிக்.

போர் தண்ணீரில் அதே சோப்பைப் போட்டுக் குலுக்கினால் நுரைக்குப் பதில் தயிர் திரிந்த மாதிரி வெள்ளைச் சவ்வு மிதந்தது. கால்சியமும் மக்னீசியமும் கரைந்த கடின நீர். குடிநீருக்கான இந்தியத் தர அளவு லிட்டருக்கு 200 மில்லிகிராம் கடினத்தன்மை, வேறு வழியில்லாதபோது 600 வரை. சேலத்துப் போர்களில் 600க்கு மேலேயும் சோதனைப் பட்டையில் நான் பார்த்திருக்கிறேன். இந்தத் தண்ணீரைச் சூடாக்கினால் ஹீட்டர் கம்பியில் சுண்ணாம்பு ஏறும். கழற்றிப் பார்த்தால் விரல் தடிமனுக்கு வெள்ளையாகப் பிடித்திருக்கும், தட்டினால் ஓடாக உதிரும். டி.டி.எஸ். மீட்டர் வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. அது கரைந்த உப்பு எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டும், கடினத்தன்மையைத் தனியாகச் சொல்லாது.

பெரியம்மா வீட்டில் மேட்டூர்த் தண்ணீரும் வருகிறது, ஆனால் தினமும் இல்லை. சம்ப்பில் பிடித்து வைத்திருப்பார்கள். செமியில் எந்தத் தண்ணீரை எப்போது விடுவது என்பது நம் கையில். மேட்டூர்த் தண்ணீரில் துவைத்து, முதல் அலசலைப் போர் தண்ணீரில் முடித்து, கடைசி அலசலுக்கு மறுபடி நல்ல தண்ணீர் விட்டுக்கொள்ளலாம். மொட்டைமாடியில் ஏப்ரல் வெயிலில் புடவை இரண்டு மணி நேரத்தில் காய்ந்துவிடும். அங்கே 1,200 சுற்றும் ஹீட்டரும் வீண் செலவு. 35 கிலோமீட்டர்கூட இல்லாத இடைவெளியில் இரண்டு வீடு, இரண்டு பதில்.

கடையில்

மாடல் பெயர்களை இங்கே எழுதவில்லை. ஆறு மாதத்தில் அவை மாறிவிடும். பார்த்தவற்றை மட்டும் சொல்கிறேன்.

கடைக்காரர் முதலில் சொன்னது, “ஜி.எஸ்.டி. குறைஞ்சதால விலை இறங்கியிருக்கு” என்பது. 2025 செப்டம்பரில் 28லிருந்து 18 சதவீதத்துக்கு இறங்கியவை ஏ.சி., பெரிய டி.வி., பாத்திரம் கழுவும் மெஷின் போன்றவை. வாஷிங் மெஷினுக்கு 2018 ஜூலையிலேயே 18 ஆகிவிட்டது. தள்ளுபடி கொடுத்தால் அது பண்டிகைத் தள்ளுபடிதான். இதைச் சொன்னதும் பேச்சு நேராக விலைக்கு வந்தது. வட்டியில்லாத் தவணை என்றார்கள், செயல்முறைக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டு அதையும் கூட்டிப் பார்த்தோம். ரொக்கமே லாபமாக இருந்தது.

தங்கை 9 கிலோ கேட்டாள். கிலோ கணக்கு என்பது காய்ந்த துணியின் எடை. சீருடைச் செட்டுகளையும் ஒரு ஜீன்ஸையும் புடவையையும் வீட்டிலேயே நிறுத்துப் பார்த்தபோது ஒரு நாள்விட்டு ஒரு நாள் துவைப்பது நான்கு கிலோவைத் தாண்டவில்லை. 7 கிலோ தாராளம். கம்பளிக்குத்தான் 9 கிலோ வேண்டும், அது வருடத்துக்கு இரண்டு தடவை வருகிற வேலை.

கடைசியில் 7 கிலோ, 1,200 சுற்று, ஹீட்டர் உள்ள ஃப்ரன்ட் லோடு 27,400 ரூபாய்க்குப் படிந்தது. கையேட்டைப் பிரித்துக் குறைந்தபட்ச அழுத்தம் 0.3 பார் என்று பார்த்த பிறகுதான் பணம் கட்டினோம். மலைக்கு ஏற்ற வண்டிக் கூலி 900. தாழ்வாரத்தில் இருந்தது 6 ஆம்பியர் பிளக். 2,000 வாட் ஹீட்டர் ஒன்பது ஆம்பியர் வரை இழுக்கும் என்பதால் 16 ஆம்பியர் பாயின்ட்டும், கரன்ட் மிகுந்தால் தானே அணையும் தனி எம்.சி.பி.யும் போட்டு எர்த்தைச் சரிபார்க்க 1,200 ஆனது. ஈரத் தரையில் நின்று வெறுங்காலோடு மெஷினைத் தொடுகிற வீடு, இதில் மிச்சம் பிடிக்கவே கூடாது.

கொடி

மீதியில் 1,600 ரூபாய்க்குக் கூரையிலிருந்து கயிற்றில் இறக்கி ஏற்றும் துணிக் கம்பிகள் இரண்டு செட் வாங்கினோம். மொத்தம் 34,300.

தாழ்வாரத்தில் எப்படிப் போடுவது என்பதை அத்தைதான் தீர்மானித்தார். எஸ்டேட்டில் வளர்ந்தவர். காபிக் களத்தில் பழத்தைக் குவித்து வைத்தால் பூஞ்சை பிடிக்கும், மெல்லிசாகப் பரப்பிக் காற்றோட்டம் விட்டால்தான் காயும், துணியும் அதேதான் என்றார். இரண்டு துணிக்கு இடையில் ஒரு கை அகலம் இடைவெளி, பேன்ட்டை இடுப்புப் பக்கம் திறந்து தொங்கவிடுவது, சட்டையை ஹேங்கரில் மாட்டுவது, கீழே ஒரு பழைய பெடஸ்டல் ஃபேன். 55 வாட் ஃபேன் ஆறு மணி நேரம் ஓடினால் யூனிட்டில் மூன்றில் ஒரு பங்கு. டிரையரின் மூன்று யூனிட்டோடு இதை ஒப்பிட்டுக்கொள்ளலாம். தாழ்வாரத்தின் எதிரெதிர்ப் பக்கங்களில் ஒவ்வொரு சன்னலாவது திறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஃபேன் ஈரக் காற்றையே சுற்றிச் சுற்றி அடிக்கும்.

வடகிழக்குப் பருவமழையில் இது ஓடிப் பார்த்தாகிவிட்டது. மாலை போட்ட சீருடை மறுநாள் காலை கைக்குக் காய்ந்துவிடுகிறது. அடர்ந்த மூடுபனி நாளில் இடுப்புப் பட்டையும் பாக்கெட்டும் லேசாக ஈரமிருக்கும், இஸ்திரிப் பெட்டியில் ஒரு தேய்ப்பு போதும். ஜீன்ஸ் இரண்டாம் நாள்தான். நவம்பர், டிசம்பர் கணக்கு 460 யூனிட்டுக்குள் நின்றது.

நடுவில் ஒரு தடவை தண்ணீர் வரவில்லை என்று பிழை காட்டியது. குழாயை மூடி, மெஷினின் பின்பக்க ஹோஸைக் கழற்றச் சொன்னேன். உள்ளே இருக்கும் சின்ன வலையில் தொட்டி வேலை செய்தபோது வந்த மணலும் பிளாஸ்டிக் சீவலும் அடைத்திருந்தன. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் மாப்பிள்ளையே தட்டிச் சுத்தம் செய்தார். மலையில் இருப்பவர்கள் இந்த ஒரு வேலையைக் கற்றுவைத்துக்கொள்வது நல்லது. மெக்கானிக் வருவதற்குள் நான்கு நாள் போய்விடும்.

கதவின் ரப்பர் வளையம்தான் தொடர்ந்து கவனிக்க வேண்டியது. அந்த ஈரக்காற்றில் வளையத்தின் மடிப்புக்குள் கறுப்புப் பூஞ்சை சீக்கிரம் வந்துவிடும். துணி எடுத்ததும் மடிப்பை விரித்துத் துடைத்து, கதவைக் கொஞ்சம் திறந்தே வைக்கச் சொல்லியிருக்கிறேன். பவுடர் தட்டையும் அப்படித்தான். மாதம் ஒருமுறை துணி இல்லாமல் 60 டிகிரியில் ஓடவிட்டால் வாடை வராது.

கம்பளி விஷயம் இன்னும் முடியவில்லை. இந்த டிரம்மில் ஒன்றைப் போட்டால் ஸ்பின் ஒருபக்கம் சாய்ந்து குதிக்கிறது. வெயில் காலத்தில் அம்மாப்பேட்டைக்குக் கொண்டுவந்து கையால் அலசி, மொட்டைமாடியில் போட்டுக்கொள்ளலாம் என்று பெரியம்மா சொல்லியிருக்கிறார்.